மணி ஐயரின் பதற்றம்

ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் பிளேன்டீ. டிவியில் 'மைக்கேல் மதன காம ராஜன்', கல்யாணச் சாம்பாரில் மீன் விழுந்த இடம்.

சமையல்கார மணி ஐயராக வரும் டெல்லி கணேஷ் முகத்தை மட்டும் பாருங்கள். சிரிக்க வைக்க அவர் எதுவுமே செய்யவில்லை. மானம் போகுதே என்று நிஜமாகவே பதறுகிறார். சிரிப்பது நாம்தான்.

"இந்த ஐயா தவறிட்டாருல்ல?" பக்கத்து மேசை அக்கா கேட்டார். ஆமாம், 2024 நவம்பரில்.

விமானப்படையிலிருந்து நடிக்க வந்த மனுசன். 1985இல் 'சிந்து பைரவி' மிருதங்கக்காரர். 1987இல் 'நாயகன்' ஐயர். 1989இல் 'அபூர்வ சகோதரர்கள்' வில்லன்!

தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுச் சுவரில் நாங்கள் ஒட்டியதெல்லாம் கதாநாயகர்கள் படம்தான். அந்தக் கதைகளை எங்களை நம்ப வைத்தது இவரைப் போன்றவர்கள்.

என் ஓட்டு 'நாயகன்' ஐயருக்கு. உங்களுக்கு எந்த கணேஷ்?