நிழல் நின்ற வாரம்

நேற்று, டிசம்பர் 22, பகல் 12 மணி 7 நிமிடத்துக்கு எங்கள் மொட்டைமாடியில் கம்பின் நிழல் 74 சென்டிமீட்டர். சென்னையில் ஆண்டிலேயே நீளமான நண்பகல் நிழல் இதுதான்.

அறிவியல் ஆசிரியையாக இருந்தவரை ஒவ்வொரு டிசம்பரிலும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு இதை அளப்பேன். அதே கம்புதான் இன்றும். அடிப்பலகையோடு சேர்த்துச் சரியாக 100 சென்டிமீட்டர். சூரியன் வடக்கே திரும்புகிற உத்தராயணம் தை முதல் நாள் அல்லவா என்று யாராவது கேட்காமல் இருக்கமாட்டார்கள். ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன், நிழல் நீளமான இந்தத் திரும்பும் நாளும் தை முதல் நாளும் ஒரே நாள்தான். பூமியின் அச்சு பம்பரத்தின் தலைபோல மெல்ல ஆடுவதால், சுமார் 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகி, இப்போது 24 நாள் இடைவெளி விழுந்திருக்கிறது.

இந்தச் சித்திரையில் பக்கவாதம் வந்து என் வலக்கை விழுந்துவிட்டது. எட்டு மாதமாகப் பிசியோதெரபி. துணி கிளிப்பை அழுத்துவது, விடுவது, மறுபடி அழுத்துவது. முன்னேற்றம் இருக்கிறது என்று வாராவாரம் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்ததில்லை. பல இரவுகள் அழுதிருக்கிறேன்.

18ஆம் தேதியிலிருந்து தினமும் மாடி ஏறினேன். பேரன் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டான்; கோடு மட்டும் நான்தான் போடுவேன் என்று பிடிவாதமாக இருந்தேன். முதல் நாள் சாக்பீஸ் இரண்டு முறை நழுவி விழுந்து உடைந்தது. கோடு கோணலாகத்தான் வந்தது. நேற்றோடு ஐந்து கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன.

"நிழல் நகரவே இல்லையே பாட்டி, சூரியன் திரும்பிவிட்டது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?"

திரும்புகிற வாரத்தில் அப்படித்தான் இருக்கும் என்றேன். 18க்கும் 25க்கும் நடுவில் இரண்டு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் வராது. நிழலின் நுனியோ ஒரு சென்டிமீட்டருக்குக் கலங்கித் தெரியும். கண் எங்கே பிடிக்கப்போகிறது? ஆனால் பொங்கலன்று இதே கம்பின் நிழல் 69 சென்டிமீட்டர். என் பழைய நோட்டில் ஆண்டு தவறாமல் அந்த எண்தான் இருக்கிறது. இத்தனை காலம் பிள்ளைகளுக்குச் சொன்னதுதான். நேற்று சொல்லும்போது தொண்டை அடைத்துக்கொண்டது.

கீழே வந்து நோட்டில் தேதி போட்டு 74 என்று எழுதினேன், வலக்கையால். 7 முதல் தடவையே சரியாக விழுந்தது. 4 இரண்டாம் தடவை வந்தது.