அடையாற்று வெள்ளத்துக்கு எந்த வழி? ஏ.ஹெச்.பி. போட்டுப் பார்த்த அனுபவம்

சென்னைத் தாம்பரம் அருகே உள்ள முடிச்சூர், வரதராஜபுரம் வெள்ளம் என்றதும் பலரும் செம்பரம்பாக்கத்தைத்தான் சொல்வார்கள். 2015 டிசம்பரில் அந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டது அப்படி மனதில் பதிந்துவிட்டது. ஆனால் அந்த உபரிநீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலை அருகே. வரதராஜபுரம் அதற்கும் மேலே இருக்கிறது. அங்கே வீடு புகுவது ஆதனூர், மணிமங்கலம் போன்ற ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழியே வழியும் தண்ணீர். எம்.இ. தெசிஸுக்கு இந்தப் பகுதியை எடுத்ததும் நான் முதலில் உறுதிசெய்துகொண்டது இதைத்தான்.

ஒப்பிட எடுத்த வழிகள் நான்கு: ஆற்றை அகலப்படுத்தித் தூர்வாருவது, கரையில் தடுப்புச்சுவர், குடியிருப்புக்குள் தேங்குவதை ஆற்றில் விடும் மூடுகால்வாய், மேலே உள்ள ஏரிகளையும் வரத்துக்கால்வாய்களையும் மீட்பது. அளவுகோல்களாக வெள்ள ஆழம் எவ்வளவு குறையும், செலவு, எத்தனை குடும்பங்கள் இடம்பெயர வேண்டும், பராமரிப்பு ஆகியவற்றை வைத்தேன். ஆழத்துக்கு ஹெக்-ராஸ் (ஆற்றில் தண்ணீர் எப்படி ஓடும், எவ்வளவு ஏறும் என்று கணக்கிடும் மென்பொருள்) மாடல் எண் கொடுத்துவிடும். மற்றவற்றுக்கு எவ்வளவு எடை என்று மனிதர்களிடம்தான் கேட்க வேண்டும்.

அதற்குத்தான் ஏ.ஹெச்.பி. (அனலிட்டிக் ஹையரார்க்கி ப்ராசஸ்). 1970களில் தாமஸ் சாட்டி உருவாக்கிய முறை. அளவுகோல்களை இரண்டிரண்டாக வைத்து, எது எத்தனை மடங்கு முக்கியம் என்று 1 முதல் 9 வரை மதிப்புக் கேட்பது. பதில்கள் முரண்படாமல் இருக்கின்றனவா என்றும் பார்க்கலாம். ஒருவர் ஆழம் செலவைவிட 3 மடங்கு, செலவு பராமரிப்பைவிட 3 மடங்கு, ஆழம் பராமரிப்பைவிட 5 மடங்கு என்றால் முரண் விகிதம் சுமார் 0.03, 0.1க்குள் இருப்பதால் ஏற்கலாம். கடைசிக் கேள்விக்கு மட்டும் அவர் தலைகீழாக, பராமரிப்புதான் ஆழத்தைவிட 3 மடங்கு என்றால் விகிதம் 1.15க்குப் போய்விடும். அப்படி வந்த தாள்களை நான் தூக்கிப்போடவில்லை. திரும்பப் போய் உட்கார்ந்து கேட்டால், பெரும்பாலும் கேள்வி அவர்களுக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்காது.

வரதராஜபுரத்தில் ஒரு அம்மா படிவத்தை முழுக்கப் படித்துவிட்டு, "ஆழம்னு போட்டிருக்கியே தம்பி, எத்தனை நாள் நிக்கும்னு எங்க?" என்றார். "முழங்கால் தண்ணி ஒரு ராத்திரியில வடிஞ்சா கழுவி விட்டுட்டுப் போயிடுவோம். அதே தண்ணி நாலு நாள் நின்னா செப்டிக் டேங்க் பொங்கி வீட்டுக்குள்ள வந்துடும். சம்ப்பும் போச்சு, மோட்டாரும் போச்சு."

தேங்கும் நாட்களை அளவுகோலாகச் சேர்த்து, படிவத்தை மாற்றி மறுபடியும் எல்லோரிடமும் போனேன். அலைச்சல்தான், ஆனால் இந்த ஆய்வில் அதைவிட உருப்படியான வேலை எதுவும் இல்லை என்பேன். அதுவரை முன்னால் நின்ற தடுப்புச்சுவர் கடைசிக்குப் போய்விட்டது. சுவர் ஆற்றுத் தண்ணீரை வெளியே நிறுத்தும். உள்ளே பெய்த மழையை வெளியேறவும் விடாது.

அடுத்து, எல்லோருடைய பதிலையும் பெருக்குச் சராசரி எடுத்து ஒரே எடையாக்குவதுதான் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பொறியாளர்கள் ஆழத்துக்கும் செலவுக்கும் அதிக எடை தந்தார்கள். குடியிருப்போர் தேங்கும் நாட்களுக்குத் தந்தார்கள். ஆற்றோரத்தில் வீடு கட்டியிருப்பவர்கள் இடம்பெயர்வுக்கு 9 போட்டார்கள். 2015க்குப் பிறகு அடையாற்றுக் கரையிலிருந்து பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புக்கு அனுப்பப்பட்டவர்கள் வேலையையும் பிள்ளைகளின் பள்ளியையும் இழந்து பட்டதைப் பார்த்தவர்கள் வேறென்ன போடுவார்கள்? சராசரியில் அந்த 9 கரைந்துவிடுகிறது. அதனால் மூன்று தரப்புக்கும் தனித்தனிப் பட்டியல் போட்டேன். பொறியாளர்களுக்கு ஆற்றை அகலப்படுத்துவது முதலிடம், குடியிருப்போருக்கு மூடுகால்வாய், கரையோரத்தவர்களுக்கு ஏரிகளை மீட்பது. மற்ற இரு பட்டியலிலும் ஏரி மீட்பு இரண்டாவதாக வந்தது. மூடுகால்வாயும் ஆறு நிறைந்து ஓடும்போது வடியாது என்பதால், மேலே தண்ணீரைப் பிடித்து வைக்காமல் அதுவும் முழுப்பலன் தராது.

எல்லா அளவுகோலிலும் சிறந்த ஒரு கற்பனை வழிக்கு எது நெருக்கம், மோசமானதற்கு எது தூரம் என்று வரிசைப்படுத்தும் டாப்சிஸ் முறையிலும் சரிபார்த்தேன். அதில் ஒரு வழியைச் சேர்த்தாலோ நீக்கினாலோ மற்றவற்றின் வரிசைகூட மாறக்கூடும். இந்த வேலையில் இறங்குகிறவர்கள் தடுப்புச்சுவரை ஒருமுறை எடுத்துவிட்டும் ஓட்டிப் பாருங்கள். எடைகளை 10, 20 சதவீதம் ஏற்றி இறக்கியும் பாருங்கள். வாய்மொழித் தேர்வில் என்னிடம் அதிக நேரம் கேட்டது, எடையை மாற்றினால் வரிசை எப்படி மாறுகிறது என்று நான் போட்ட அட்டவணையைப் பற்றித்தான்.