முப்பத்து மூன்று அங்குலக் கை

2019 அக்டோபர் 18, வெள்ளிக்கிழமை இரவு. எவன்ஸ்டன் மைதானத்தில், கல்லூரி அணிகளின் அமெரிக்கக் கால்பந்தில், ஒஹாயோ ஸ்டேட் அணி நார்த்வெஸ்டர்னை 52-3 என்று துவைத்து எடுத்தது. நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். பந்து போன பக்கமெல்லாம் என் கண்ணும் போனது. நார்த்வெஸ்டர்னின் இடது ஓரத்தில் 70 எண் சட்டையுடன் நின்ற ரஷான் ஸ்லேட்டரை நான் ஒருமுறைகூடக் கவனிக்கவில்லை. ஒன்றரை ஆண்டு கழித்து, அதே ஆட்டத்தைத்தான் ஒரு வாரம் முழுக்கப் பார்த்தேன், அவருக்காக மட்டுமே.

ஒவ்வொரு வசந்த காலத்திலும் நாங்கள் நான்கு நண்பர்கள் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் அணிகள் புது வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டுக்கு முன் ஆளுக்கொரு கல்லூரி வீரரை எடுத்துக்கொண்டு மதிப்பீட்டு அறிக்கை எழுதுவோம். 2021இல் எனக்கு வந்தவர் ஸ்லேட்டர். அதுவரை நான் எழுதியதெல்லாம் பந்தைத் தொடுகிற வீரர்களைப் பற்றித்தான். அங்கே எண்கள் கைகொடுக்கும்: இத்தனை கஜம், இத்தனை டச்டவுன். முன்வரிசையில் நின்று தடுக்கும் ஐவருக்கு அப்படிப் பெருமையான கணக்கு எதுவும் கிடையாது. பந்தை எறியும் குவார்ட்டர்பேக் பந்தோடு வீழ்த்தப்பட்டால், அதாவது சாக் விழுந்தால், அப்போதுதான் அவர்கள் பெயர் அடிபடும். அதனால் ஆட்டத்தைப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

அதிலும் முதல் நாளே தடுமாறினேன். தொலைக்காட்சிக் கேமரா பந்தைத் துரத்துகிறது. பந்து எறியப்பட்டதும் முன்வரிசை திரையை விட்டு நழுவிவிடுகிறது. கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து காட்டும் மறுஒளிபரப்புகள்தான் உதவின. அந்தக் கோணத்தில் தடுப்பவரின் முதுகும் இடுப்பும் பாதமும் நேராகத் தெரியும். ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். முதல் சுற்றில் கால் மட்டும், இரண்டாவதில் கை மட்டும், மூன்றாவதில் விசில் ஊதும்வரை ஆள் விடாமல் நிற்கிறாரா என்பது மட்டும். மூன்றையும் ஒரே பார்வையில் பிடிக்க முயன்ற நாளில் நோட்டில் எழுதியவை எதற்கும் உதவவில்லை.

சொல்ல வேண்டியது கால்களைப் பற்றித்தான். இடது டேக்கிள், அதாவது முன்வரிசையின் இடது முனையில் நிற்பவர், வலக்கை குவார்ட்டர்பேக்கின் முதுகுப் பக்கத்துக் காவல்காரர். அவர் பின்னோக்கிச் சறுக்கியபடியே, தன்மீது பாயும் ஆளுக்கு முகம் கொடுக்க வேண்டும். இரவில் வரப்பில் பின்பக்கமாக நடப்பதைப் போன்ற வேலை அது. வெளிக்கால் முதலில் போகும், உட்கால் அதே அளவு பின்தொடரும். இரண்டும் ஒட்டிக்கொண்டால் ஒரு சின்னத் தள்ளலே போதும், ஆள் சாய்ந்துவிடுவார். ஸ்லேட்டரின் பாதங்கள் ஒட்டவே மாட்டேன் என்றன. குதிப்பில்லை, அவசரமில்லை. எதிரே நின்றவரோ சேஸ் யங்: அந்தப் பருவத்தில் மட்டும் 16.5 சாக் எடுத்து, அடுத்த ஆண்டு டிராஃப்ட்டில் இரண்டாவதாகப் போனவர். அணி அவ்வளவு மோசமாகத் தோற்ற அந்த இரவிலும் ஸ்லேட்டர் அவருக்கு ஒரு சாக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

கைகளைப் பார்த்த சுற்றில் வேறொன்று பிடிபட்டது. இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டுபவரின் கையைத் தட்டிவிட்டுக் கடந்து போவது எதிராளிக்குச் சுலபம். ஸ்லேட்டர் ஒரு கையைக் காட்டி, அதைத் தட்ட எதிராளி கையை வீசியபின், மறு கையை நெஞ்சில் பதிக்கிறார். முதல் முறை அது என் கண்ணிலேயே படவில்லை. படத்தின் வேகத்தைக் குறைத்த பிறகுதான் தெரிந்தது. தெரிந்த கணத்தில் எழுந்து நின்றுவிட்டேன்.

2020 பருவத்தில் கொரோனா காரணமாக அவர் ஆடாமல் விலகிக்கொண்டார். ஆகவே இடது பக்கத்தில் அவர் ஆடியதற்கு 2019 மட்டுமே சாட்சி. அதற்கு முந்தைய இரண்டு பருவங்களும் வலது டேக்கிள். இது உண்மையான குறை, அறிக்கையில் அப்படியே எழுதினேன்.

மார்ச்சில் அளவுகள் வந்தன. உயரம் ஆறடி நான்கு அங்குலம், எடை 304 பவுண்டு, 225 பவுண்டு கம்பியை 33 முறை தூக்கியிருந்தார். கை நீளம் 33 அங்குலம். என்எஃப்எல் டேக்கிளுக்கு 34 வேண்டும் என்று நினைப்பவர்கள் பலர். யார் கை முதலில் நெஞ்சில் படுகிறதோ அவர்தான் மற்றவரைத் திருப்புவார் என்பதால் அந்தக் கவலையில் நியாயம் உண்டு. "கை குட்டை, தம்பி. உள்ளே கார்டாகப் போட்டுவிடு," என்றார் எங்களில் மூத்தவர். கார்டு என்பவர் டேக்கிளுக்கு அடுத்து உட்பக்கம் நிற்பவர். நானும் "கார்டு" என்றே எழுதினேன்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஒரு வாரம் கண்ணால் பார்த்ததை ஓர் அளவு நாடாவுக்காகக் கைவிட்டேனே என்று உறுத்திக்கொண்டே இருந்தது. ஜோ தாமஸ் நினைவுக்கு வந்தார். அவருடைய கை 32.5 அங்குலம்தான், அதை வைத்துக்கொண்டு கிளீவ்லாந்து அணிக்காக இடது டேக்கிளாகத் தொடர்ச்சியாக 10,363 ஸ்னாப் (பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்னாப்) ஆடினார். பாதம் சரியான இடத்துக்கு முன்கூட்டியே போய்விட்டால் கை எட்ட வேண்டிய தூரமே குறைந்துவிடுகிறது. விடிந்ததும் "கார்டு" என்பதை அடித்துவிட்டு "இடது டேக்கிள், முதல் சுற்று" என்று எழுதினேன். நீண்ட கையுள்ள எதிராளி முதலில் நெஞ்சைத் தொட்டுவிட்டால் ஸ்லேட்டர் ஓரிரு அடி பின்வாங்கித்தான் இடுப்பைத் தாழ்த்தி நிலைகொள்கிறார் என்ற குறிப்பையும் சேர்த்தேன்.

ஏப்ரல் 29 அன்று ஓரிகன் பல்கலைக்கழக டேக்கிள் பெனே சீவெல் ஏழாவதாக டெட்ராய்ட்டுக்குப் போனார். ஸ்லேட்டரைப் பதின்மூன்றாவதாக சார்ஜர்ஸ் அணி எடுத்து, நேராக இடது டேக்கிளாக நிறுத்தியது. அவருடைய முதல் ஆட்டமே வாஷிங்டன் அணியின் மைதானத்தில், மறுபடியும் சேஸ் யங் இருந்த அணிக்கு எதிராக. சார்ஜர்ஸ் 20-16 என்று வென்றது. இந்த முறை பந்து எங்கே போனது என்று நான் பார்க்கவே இல்லை. முதல் பருவத்திலேயே அவர் என்எஃப்எல்லின் நட்சத்திர ஆட்டமான புரோ பௌலுக்குத் தேர்வானார்.

2020இல் ஸ்லேட்டர் விட்டுப்போன இடத்தில், முதலாண்டு மாணவராகவே வந்து நின்றவர் பீட்டர் ஸ்கரோன்ஸ்கி. 2023இல் அவரையும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அதே மைதானம், அதே இடது ஓரம், பாதங்களில் அதே ஒழுங்கு. கை மட்டும் 32¼ அங்குலம். தயங்காமல் "டேக்கிள்" என்று எழுதினேன். டென்னசி அவரைப் பதினொன்றாவதாக எடுத்து இடது கார்டாக நிறுத்தியது. அந்தப் பக்கத்தை நான் இன்னும் அடிக்கவில்லை. ஸ்லேட்டரின் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக நோட்டில் அப்படியே இருக்கிறது.