96 என்று எழுதினேன்

மெமரியில் எண்ணிக்கை வைத்திருக்கும் கவுன்ட்டரில், ஹெக்ஸில் (பதினாறடிமான எண்ணில்) 1141 என்று இருந்தது. போர்டு எழுந்ததும் பூஜ்யமாக இருக்க வேண்டிய 16 பிட் இடம் அது. ரீசெட் செய்தாலும் 1141, பவரைப் பிடுங்கிச் செருகினாலும் 1141. வெறும் குப்பையென்றால் இப்படி ஒரே மாதிரி வராது.

சில வாரங்களுக்கு முன்புதான், ஆர்ம் சிப்பில் பல வருடம் ஓடிய பூட் கோடை, அதாவது போர்டு எழுந்ததும் முதலில் ஓடும் புரோகிராமை, ரிஸ்க்-ஃபைவ் என்ற வேறு வகை 64 பிட் சிப்புக்கு மாற்றும் வேலை என் தலையில் விழுந்திருந்தது. அதில் ஒரு சின்ன ரொட்டீனை ஃபிளாஷிலிருந்து ராமுக்கு நகலெடுக்க வேண்டும். லேபிள் என்பது கோடில் ஓர் இடத்துக்கு வைக்கும் பெயர், அதன் மதிப்பு அந்த இடத்தின் முகவரி. கடைசி லேபிளிலிருந்து முதல் லேபிளைக் கழித்து, வருகிற அளவை நேராக ரெஜிஸ்டரில் ஏற்றுவது பழைய வழக்கம். கோடை மெஷின் மொழியாக்கும் க்னூ அசெம்பிளர் ஆர்மில் இதை முனகாமல் செய்தது, இங்கே அந்த வரியை ஏற்கவே மறுத்தது. அன்று மாலை பில்டு கொடுத்தாக வேண்டும். அசெம்பிளர் தரும் ஆப்ஜெக்ட் ஃபைலை, உள்ளிருப்பதைக் காட்டும் ஆப்ஜ்டம்பில் திறந்து எண்ணினேன்: 96 பைட். அப்படியே எழுதிவிட்டேன். பக்கத்தில் ஒரு கமென்ட்கூட இல்லை.

லேபிள் கணக்கை அதுவரை மைல்கல் கணக்காகவே நினைத்திருந்தேன். ஒரே சாலையின் இரண்டு மைல்கல்லைக் கழித்தால் தூரம் வரும். கூட்டினால் ஒன்றுக்கும் உதவாது. அசெம்பிளரும் இரண்டு முகவரிகளைக் கூட்டச் சொன்னால் எர்ரர்தான் தரும். அசெம்பிளரால் தீர்க்க முடியாத முகவரிகளை, ஆப்ஜெக்ட் ஃபைல்களை ஒன்றாகக் கோக்கும் லிங்கர் பிறகு நிரப்பும். அதற்கு விட்டுவைக்கும் குறிப்புதான் ரீலொகேஷன். 64 பிட் ஈஎல்எஃப் என்ற ஃபைல் வடிவத்தில் அப்படி ஒரு பதிவு 24 பைட்: எங்கே திருத்துவது, எந்த சிம்பலை (பெயரை) வைத்து எந்த முறையில், மேலே எவ்வளவு சேர்ப்பது. அதில் ஒரே ஒரு சிம்பலுக்குத்தான் இடம். ஒரே செக்‌ஷனில் இருக்கும் இரண்டு லேபிளின் வித்தியாசத்தை அசெம்பிளரே தீர்த்துவிட்டால் விஷயம் லிங்கர்வரை போவதில்லை. சாலை சுருங்காதவரை இது சரி.

ரிஸ்க்-ஃபைவில் சாலை சுருங்கும். வேறொரு ஃபங்ஷனை அழைக்க 'கால்' என்று எழுதினால் அசெம்பிளர் இரண்டு இன்ஸ்ட்ரக்‌ஷன் போடுகிறது, 8 பைட். போக வேண்டிய இடம் முன்னும் பின்னும் ஒரு மெகாபைட்டுக்குள் இருந்தால், லிங்கர் அதை ஒரே இன்ஸ்ட்ரக்‌ஷனாக, 4 பைட்டாக ஒடுக்கிவிடுகிறது. லிங்கர் ரிலாக்சேஷன் என்பார்கள். பின்னால் என்ன சுருங்கும் என்று தெரியாத அசெம்பிளர் எண் சொல்ல மறுத்ததில் தப்பே இல்லை. அவசரப்பட்டுச் சொன்னது நான்.

என் ரொட்டீனுக்குள் அப்படி மூன்று அழைப்புகள். லிங்க் ஆன பிறகு அளவு 84. 96 என்று எழுதியதால் கூடுதலாக நகலான 12 பைட் எங்கிருந்து வந்தது என்று எனக்கு உறைக்கவில்லை. பக்கத்து சீட் சீனியர் எட்டிப் பார்த்துவிட்டு, "இது டேட்டா இல்லப்பா. யாரோட ஃபங்ஷன் இங்க வந்து உட்கார்ந்திருக்கு?" என்றார். ஃபங்ஷன் தன் தற்காலிக மதிப்புகளுக்கு இடம் ஒதுக்க, ஸ்டாக் பாயிண்டரை 16 பைட் கீழே இறக்கும் இன்ஸ்ட்ரக்‌ஷனின் கோடு 1141. கம்பைலர் எழுதும் எத்தனையோ ஃபங்ஷன்களின் முதல் வரி அது. தினமும் டம்பில் பார்க்கிறேன், கவுன்ட்டரில் பார்த்தபோது அடையாளம் தெரியவில்லை. ஃபிளாஷில் அடுத்திருந்த ஃபங்ஷனின் தலை, ராமில் அடுத்திருந்த கவுன்ட்டரின் மேல் ஏறியிருந்தது.

அளவை ஒரு வேர்டாக டேட்டாவில் வைத்து, அங்கிருந்து ஏற்றும்படி மாற்றினேன். இப்போது ஆப்ஜெக்ட் ஃபைலில் அந்த நான்கு பைட்டும் பூஜ்யம். அதே ஆஃப்செட்டுக்கு இரண்டு ரீலொகேஷன்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக: முடிவு லேபிளைக் கூட்ட ஒரு ஆட்32, தொடக்க லேபிளைக் கழிக்க ஒரு சப்32. ஒரு பதிவில் இரண்டு சிம்பல் அடங்காது என்பதற்கு ரிஸ்க்-ஃபைவ்காரர்கள் கண்ட வழி. லிங்கர் சுருக்கி முடித்தபின் கூட்டிக் கழித்து 84-ஐ எழுதுகிறது.

"நோரிலாக்ஸ் போட்டிருந்தா ஒரு வரியில முடிஞ்சிருக்குமே" என்றார் ரிவ்யூவில் ஒருவர். சுருக்காதே என்று சொல்லும் கட்டளை அது. முடிந்திருக்கும். ஆனால் அந்த ஒரு வரியை யாராவது சுத்தம் செய்கிறேன் என்று எடுத்துவிட்டால் மறுபடி பில்டு உடையும். எண்ணை எழுதித் தப்பிக்க அடுத்தவருக்கும் ஆசை வரும். அந்த ஆசை எனக்குப் பழக்கம்.

போன மாதம் அந்த ரொட்டீனில் யாரோ இன்னொரு அழைப்பைச் சேர்த்திருக்கிறார்கள். வேறெதற்கோ டம்பைத் திறந்தபோது பார்த்தேன், 88 என்று இருந்தது. என்னிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் வரவில்லை.