தபால் வராத பிப்ரவரி

2026 பிப்ரவரி 3, செவ்வாய்
கழுத்தில் சின்னப் பிளாஸ்திரி. தைராய்டுக் கட்டியிலிருந்து ஊசியால் எடுத்ததன் முடிவு இரண்டு வாரத்தில் கடிதமாக வரும் என்றார்கள். குரல் கரகரக்கிறது, ஊசியாலா பயத்தாலா, தெரியவில்லை.

பிப்ரவரி 4
கதவுத் துவாரம் வழியாக விழுந்தவை: பீட்சாக் கடை நோட்டீஸ் இரண்டு, கம்பளம் சுத்தம் செய்பவரின் நோட்டீஸ் ஒன்று.

பிப்ரவரி 6, வெள்ளி
தூக்கம் வரவில்லை. ‘டிரெயின்ஸ்பாட்டிங்’ பார்த்தேன். கெல்லி மெக்டொனால்ட் நடிக்க வந்ததே ஒரு நோட்டீஸால்தான். இதே கிளாஸ்கோவில் மதுக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இயக்குநர் டேனி பாயில் புதுமுகம் தேடி ஊரில் நோட்டீஸ் கொடுக்கச் செய்திருந்தார். போய் நின்றார், டயான் வேடம் கிடைத்துவிட்டது. அதுவரை நடித்துப் பழக்கமே இல்லை.

கிளப்பிலிருந்து டயான் வெளியே வருகிறாள். கதாநாயகன் ரென்டன் பின்னாலேயே ஓடிவந்து உளறுகிறான். ஒரே மூச்சில் அவனை உரித்து வைத்துவிட்டு டாக்சியில் ஏறிக்கொள்கிறாள். கதவை மட்டும் மூடவில்லை. அந்த இடத்தை மூன்று முறை திருப்பிப் பார்த்தேன். கதை எடின்பரோவில் நடக்கிறது, ஆனால் பெரும்பகுதியை இங்கேதான் எடுத்தார்கள். அந்த கிளப் இங்கே பார்ட்டிக் பகுதியில் இருந்தது, இடித்துவிட்டார்கள்.

பிப்ரவரி 8, ஞாயிறு
தபால் இல்லாத நாள். நிம்மதி.

பிப்ரவரி 10
விழுங்கும்போது உறுத்துகிறது. ஆபரேஷன் என்று வந்தால், குரலுக்கான நரம்பு தைராய்டை ஒட்டித்தான் போகிறதாம். டாக்டர் அதை இப்போதே சொல்லாமல் இருந்திருக்கலாம். நாள் முழுக்க போனில் பேசிப் பிழைப்பவள் நான்.

கெல்லியின் குரலைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். கோயன் சகோதரர்களின் ‘நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்’ படத்தில் டெக்சஸ்காரி. 2010 முதல் 2014 வரை ‘போர்ட்வாக் எம்பயர்’ தொடரில் அயர்லாந்திலிருந்து வந்த மார்கரெட். எந்த ஊர்ப் பேச்சை எடுத்தாலும் அந்த ஊரிலேயே பிறந்தவர் மாதிரி இருக்கிறது. அத்தனைக்கும் நடுவில், 2012இல், ‘பிரேவ்’ அனிமேஷன் படத்தின் நாயகி மெரிடாவுக்குச் சொந்த ஸ்காட்லாந்துக் குரலையே கொடுத்தார். முதலில் அமெரிக்க நடிகை ரீஸ் விதர்ஸ்பூனுக்குப் போன வேடம் அது, நல்லவேளை. படம் வந்தபோது மகளுக்கு ஏழு வயது. மெரிடாவைப் போலவே என்னோடு சண்டை போட்டாள். எனக்குப் பாதி புரியவில்லை. புரிந்த பாதிக்கு நான் தமிழில் திட்டினேன்.

அந்தத் திட்டும் போய்விடுமோ?

பிப்ரவரி 11
கம்பளக்காரர் மறுபடியும். எங்கள் வீட்டில் கம்பளமே கிடையாது.

பிப்ரவரி 13, வெள்ளி
பெரும்பாலும் இவையெல்லாம் சாதாரணக் கட்டிகள்தான் என்று இவர் நாளுக்கு நான்கு முறை சொல்கிறார். சொல்லும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை.

‘நோ கன்ட்ரி’யின் கடைசிப் பகுதியை மட்டும் போட்டேன். தாயை அடக்கம் செய்துவிட்டு கார்லா ஜீன் வீடு திரும்புகிறாள். கொலைகாரன் அறையில் உட்கார்ந்திருக்கிறான். நாணயத்தைச் சுண்டிப் பிடித்து, பூவா தலையா சொல் என்கிறான். அவள் சொல்லமாட்டேன் என்கிறாள். கத்தவில்லை, கெஞ்சிக் காலில் விழவில்லை. முடிவு செய்வது நாணயம் இல்லை, நீதான் என்கிறாள், அந்த டெக்சஸ் இழுவையில், களைத்துப்போன பெண்ணாக. அடுத்து அவன் வாசலுக்கு வந்து காலணியின் அடியைத் திருப்பிப் பார்ப்பதைத்தான் காட்டுகிறார்கள். அவ்வளவுதான்.

என் நாணயம் போன வாரமே விழுந்துவிட்டிருக்கும். யாரோ அதை டைப் செய்து உறையில் போடவேண்டும், அது மட்டும்தான் பாக்கி. இவரும் மகளும் அக்காவும் என்னைப் பூ சொல், பூ சொல் என்கிறார்கள். சொல்லமாட்டேன்.

பிப்ரவரி 17
இரண்டு வாரம் ஆயிற்று. போன் செய்தேன். வரிசையில் பதினான்காவது ஆள்.

பிப்ரவரி 18
பொழுது போகட்டும் என்று ‘பஸில்’. கெல்லி ஓர் அமெரிக்க இல்லத்தரசி. படத்துண்டுகளை அடுக்கும் போட்டியில் அவருக்குக் கூட்டாளி இர்ஃபான் கான். இரண்டு பேரும் பேசாமல் துண்டுகளைத் தேடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நான்தான் தேதிகளைத் தேடினேன். 2018 ஜனவரியில் படம் சன்டான்ஸ் விழாவில். மார்ச்சில் தனக்குக் கட்டி என்று இர்ஃபான் அறிவித்தார். 2020 ஏப்ரலில் போய்விட்டார்.

பாதியில் அணைத்துவிட்டேன்.

பிப்ரவரி 20, வெள்ளி
இன்று சிரித்தேன். ‘காஸ்ஃபர்ட் பார்க்’கில் கெல்லி, மேகி ஸ்மித் நடித்த டிரென்டம் சீமாட்டியின் பணிப்பெண். விருந்துக்கு வந்த வீட்டில் வேலையாட்களை அவரவர் எஜமானர் பெயராலேயே கூப்பிடுகிறார்கள், அவரும் ‘மிஸ் டிரென்டம்’ ஆகிவிடுகிறார். மருத்துவமனை வரவேற்பறையில் என்னை இவர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். இவர் எழுந்து போனார். கழுத்தைக் காட்டச் சொன்னார்கள்.

பிப்ரவரி 23, திங்கள்
கெல்லிக்கு இன்று ஐம்பது. ‘டிரெயின்ஸ்பாட்டிங்’ இங்கே திரைக்கு வந்ததும் 1996இல் இதே தேதியில்தான். இருபதாவது பிறந்தநாள் பரிசு. 2017இல் வந்த இரண்டாம் பாகத்தில் டயான் வழக்கறிஞர், ஒரே ஒரு காட்சி. ரென்டன்தான் அப்படியே இருக்கிறான்.

குரல் நன்றாக இருக்கிறது. அக்காவோடு ஒரு மணி நேரம் பேசினேன், சீட்டுப் பணம் பற்றி.

பிப்ரவரி 25
உறை வந்தது. முடிவு இல்லை, தேதிதான். வெள்ளி 10.20, நேரில். துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்று ஒரு வரி. அந்த வரியை இவர் இரண்டு முறை படித்தார்.

‘போர்ட்வாக்’ ஐந்தாவது சீசனில் மூன்று எபிசோட் மிச்சம்.