மூன்று கிலோ கொட்டானுக்கு ஒன்பதரைக் கிலோ பில்

காரைக்குடிப் பக்கத்தில் முடையும் கொட்டான்களை, அதாவது பனையோலைச் சிறு கூடைகளை, வெளியூர்களுக்கு அனுப்பும் வேலையைக் கொஞ்ச காலமாகப் பார்த்து வருகிறேன். வளைகாப்பு, கல்யாணம் என்றால் தாம்பூலம் வைத்துக் கொடுக்க இப்போது நிறையப் பேர் கொட்டான் கேட்கிறார்கள். முடைய ஆள் இருக்கிறது, வாங்கவும் ஆள் இருக்கிறது. நடுவில் கையைக் கடிப்பது கூரியர் செலவு. கையில் எடுத்தால் எடையே தெரியாத சரக்கு இது. அதனால்தான் அனுப்பும்போது செலவும் இழுக்கிறது.

பெங்களூருக்குப் போன ஒரு வளைகாப்பு ஆர்டரையே எடுத்துக்கொள்கிறேன். பத்து சென்டிமீட்டர் உயரம், அதே அகலம். அப்படி 40 கொட்டான். அட்டைப்பெட்டியோடு தராசில் வைத்தால் மூன்று கிலோ. கவுன்டரில் பில் விழுந்தது ஒன்பதரைக் கிலோவுக்கு. கேட்டால், "அண்ணே, பெட்டிக்குள்ள பாதிக்கு மேல காத்துதான். அதுவும் லாரியில எடத்த அடைக்குதுல்ல" என்றார் அங்கிருந்த தம்பி. அவர் சொன்னதில் தப்பில்லை. வண்டி எடையால் நிறைவதற்கு முன் இடத்தால் நிறைந்துவிட்டால், இடத்துக்குத்தான் காசு கேட்பார்கள்.

இதற்குப் பெயர் வால்யூமெட்ரிக் வெயிட். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். அதையும் தராசு எடையையும் வைத்துப் பார்த்து, எது கூடுதலோ அதற்குக் கட்டணம். அப்புறம் அதை அடுத்த அரைக் கிலோவுக்கு மேலே தள்ளுவார்கள், இதைத்தான் ஸ்லாப் என்பார்கள், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி.

இதில் 5000 என்பது எல்லா இடத்துக்கும் பொதுவான எண் இல்லை. வெளிநாட்டுக்கு டிஎச்எல், ஃபெட்எக்ஸ், யுபிஎஸ் எல்லாம் 5000 வைக்கின்றன. விமான சரக்காகப் போனால் வழக்கமாக 6000. உள்நாட்டில் தரைவழிக்கு 4000, 4500 என்று வைப்பவர்களும் உண்டு. எண் குறையக் குறைய நமக்கு நஷ்டம். ஒரு கன அடிப் பெட்டிக்கு 6000 வைத்தால் 4.72 கிலோ, 5000 வைத்தால் 5.66 கிலோ, 4000 வைத்தால் 7.08 கிலோ. "கிலோவுக்கு எவ்வளவு" என்று மட்டும் கேட்டு மலிவு என்று நினைத்துப் போனால் இங்கேதான் அடிபடும். ரேட் கேட்கும்போதே எதால் வகுக்கிறீர்கள் என்றும் கேட்டுவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்து டேப்பை எடுத்து உட்கார்ந்தேன். கொட்டானை ஐந்துக்கு நான்கு, இரண்டு அடுக்காக வைத்திருந்தோம். உள்ளளவு 50, 40, 20. பெருக்கி வகுத்தால் சரியாக எட்டு கிலோ. மீதி ஒன்றரைக் கிலோ எங்கிருந்து வந்தது? அட்டையிலிருந்து. ஐந்து பிளை, அதாவது ஐந்து தாள் அடுக்கு வைத்த அட்டை, இரண்டு பக்கமும் சேர்ந்து ஒன்றரை சென்டிமீட்டர் கூட்டியது. மேலும் கீழும் மூடி மடிப்பு இரட்டையாக வருவதால் உயரம் 22 ஆகிவிட்டது. 51.5, 41.5, 22 என்றால் 9.4 கிலோ, ஸ்லாபில் ஒன்பதரை. கடையில் சொல்லும் பெட்டி அளவு பெரும்பாலும் உள்ளளவு, அதுவும் அங்குலத்தில். கூரியர்காரர் அளப்பதோ வெளியளவு. ஓலை உடைகிற சரக்கு இல்லை. மூன்று பிளைக்கு மாறியதுமே ஒன்பது கிலோவுக்குள் வந்தது.

ஆனால் உண்மையான மாற்றம் முடைகிற இடத்தில்தான் நடந்தது. ஒரே அளவுக் கொட்டான் ஒன்றுக்குள் ஒன்று போகாது. சுவர் நேராக நிற்கும். முடையும் அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் ஒரு கொட்டானைக் கவிழ்த்துப் பார்த்தார், விளிம்பை விரலால் நெட்டிப் பார்த்தார். "வாயை மட்டும் ஒரு சென்டி விரிச்சுக் குடுத்தா பாதி வரைக்கும் எறங்கும்ப்பா. பாக்கவும் நல்லாத்தான் இருக்கும்" என்றார். அப்படியே இறங்கியது. நான்கு கொட்டானை அடுக்கினால் 40 சென்டிமீட்டருக்குப் பதில் 25 தான். பத்து அடுக்கை இரண்டு வரிசையாக வைத்தால் வெளியளவு 56, 23, 26. கணக்கு 6.7, பில் ஏழு கிலோ. கொட்டான் எண்ணிக்கை அதேதான், தராசு எடையும் அதேதான். அக்காவுக்கு இதனால் கூடுதல் வேலை என்று பெரிதாக எதுவும் இல்லை என்றாலும், கொட்டானுக்கு இரண்டு ரூபாய் சேர்த்துக் கொடுக்கிறேன். யோசனை அவருடையது.

பேக்கிங்கில் இன்னொன்று. பெட்டியை அமுக்கித் திணித்து டேப் ஒட்டினால் மேல்பக்கம் உப்பும். கூரியர்காரர்கள் பார்சல்களைப் பிரித்து அனுப்பும் பெரிய ஹப்களில் அளப்பது கேமரா பொருத்திய மிஷின். எது துருத்திக்கொண்டிருக்கிறதோ அதைத்தான் அது உயரமாக எடுக்கும். 26 இருக்க வேண்டிய இடத்தில் 28 ஆனால் 7.2 கிலோ, அதாவது ஏழரைக்கான பில். மழைக்காலத்தில் ஒருமுறை சாக்கு சுற்றித் தைத்து அனுப்பினோம். சாக்கின் நான்கு மூலையிலும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருந்ததையும் சேர்த்து அளந்து, புக்கிங் ஆன எடைக்கு மேலே ஒன்றரைக் கிலோ போட்டிருந்தார்கள். ஆன்லைனில் புகார் போட்டேன். நீள, அகல, உயரத்துக்கு டேப் வைத்து எடுத்த படம், தராசின் மேல் பெட்டி இருக்கும் படம், எல்லாவற்றிலும் லேபிள் நம்பர் தெரிய வேண்டும் என்றார்கள். அன்று என்னிடம் தராசுப் படம் மட்டும்தான் இருந்தது, காசு திரும்பவில்லை. இப்போது ஒவ்வொரு பெட்டிக்கும் லேபிள் ஒட்டியதும் நான்கு படம் எடுத்து போனில் வைத்துக்கொள்கிறேன். சாக்குக்குப் பதில் பாலித்தீன் ஷீட்டை உள்ளேயே விரித்துவிடுகிறோம்.

பத்தமடைப் பாய் அனுப்புகிற நண்பர் ஒருவர், உருளையாகச் சுருட்டினால் வட்டக் கணக்கு போடுவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தார். அப்படி இல்லை. பத்து சென்டிமீட்டர் விட்டம், 95 நீளம் என்றால் பத்தைப் பத்தால் பெருக்கி 95-ஆல் பெருக்குவார்கள். 1.9 கிலோ வரும். மூலைகளில் இருக்கும் வெற்றிடத்துக்கும் காசுதான்.

உள்நாட்டில் 200, 300 கொட்டான் என்று வரும் கல்யாண ஆர்டர்களை இப்போது கூரியரிலேயே போடுவதில்லை. லாரி பார்சல் ஆபீஸில் பொட்டிக்கு இவ்வளவு என்று பேசி முடிக்கலாம். வாங்குபவர் குடோனுக்குப் போய் எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

மூடி போட்ட கொட்டான்தான் இன்னும் இடிக்கிறது. மூடியைக் கழற்றித் தனியாக அடுக்கினாலும் பெரிய லாபம் இல்லை. சிங்கப்பூரிலிருந்து அதைக் கேட்பவர்களுக்குக் கொட்டான் விலை தனி, அனுப்பும் செலவு தனி என்று பிரித்தே எழுதி அனுப்புகிறேன். பார்த்துவிட்டுப் பாதிப் பேர் மூடி இல்லாததையே எடுத்துக்கொள்கிறார்கள்.