துருத் தடுப்புப் பூச்சின் மேல் பெயிண்ட்: அடியில் இருப்பது எது?

காருக்குப் புதிதாக அடித்த பெயிண்ட் ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் கொப்புளம் விட்டால் எல்லோரும் பெயிண்ட் கம்பெனியைத் திட்டுவார்கள். பெரும்பாலும் தப்பு அங்கே இருக்காது. அடியில் ஏற்கெனவே இருந்த துருத் தடுப்புப் பூச்சு எந்த வகை என்று பார்க்காமல் ப்ரைமரை ஏற்றியிருப்பார்கள்.

முதலில் தின்னர் சோதனை. வெள்ளைப் பனியன் துணியை என்சி தின்னரில் (லாக்கர் பெயிண்டுக்கான கடுமையான தின்னர்) நனைத்து, மறைவான இடத்தில் அரை நிமிடம் அழுத்திப் பிடித்துத் தேயுங்கள். துணியில் எதுவும் ஒட்டவில்லை, பூச்சும் இளகவில்லை என்றால் நன்றாக இறுகிய எபாக்சியோ 2கே ப்ரைமரோ (இரண்டுமே ஹார்டனர் என்னும் இறுக்கும் திரவம் கலந்து அடிப்பவை) கம்பெனி இ-கோட்டோ (மின்சாரத்தால் படியவைத்த பூச்சு) இருக்கிறது. சிவப்பாக இளகிச் சுருங்கினால் ரெட் ஆக்சைடு ப்ரைமர். கரும்பழுப்பாகக் கரைந்து வந்தால் வண்டியின் அடிப்பாகத்தில் பூசும் தார் கலந்த அண்டர்கோட்டிங்.

தார் வகை மீது எந்த ப்ரைமரும் நிற்காது. தின்னர் பட்டதும் தார் கரைந்து மேலேறி, வெள்ளை பெயிண்டில் பழுப்புக் கறையாகத் தெரியும். சுரண்டி எடுப்பது ஒன்றே வழி. ஹீட் கன்னால் லேசாகச் சூடு காட்டினால் பட்டி பிளேடுக்கு வரும். மிச்சத்தை மண்ணெண்ணெயில் துடைத்து, பிறகு எண்ணெய்ப் பசையை எடுக்கும் டிக்ரீசர் போட வேண்டும். டிக்ரீசருக்கு இரண்டு துணி: ஒன்று நனைத்துத் தேய்க்க, இன்னொன்று அது காய்வதற்குள் துடைத்தெடுக்க. ஒரே துணியென்றால் எண்ணெயை இடம் மாற்றுகிறோம், அவ்வளவுதான்.

ரெட் ஆக்சைடு நம் ஊரில் எல்லாவற்றுக்கும் பூசப்படுகிறது. சேஸிஸில் பூசி மேலே சிந்தெடிக் எனாமல் அடித்தால் தாராளமாக உழைக்கும். ஆனால் பாடியில் அதன் மேல் 2கே பியூ (பாலியூரித்தேன்) அடித்தால் கதை வேறு. ரெட் ஆக்சைடு காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்து மெதுவாக இறுகும் பூச்சு; கடுமையான தின்னர் இறங்கினால் ஊதிச் சுருங்கிவிடும். மேலே பியூதான் வேண்டும் என்றால் ரெட் ஆக்சைடைத் தகடு வரை எடுத்துவிடுங்கள். துத்தநாகம் பூசிய தகட்டில் அதைப் பூசவே கூடாது. துத்தநாகத்தோடு வினைபுரிந்து சோப்பு மாதிரி ஒரு படலம் உண்டாகி, பூச்சு அப்படியே கழன்று வரும்.

அதிகம் ஏமாற்றுவது, துருவை வேறு படலமாக மாற்றும் திரவமான ரஸ்ட் கன்வெர்ட்டர். பாஸ்பாரிக் அமிலம் உள்ளதைப் பூசினால் துரு கறுத்துப் பார்க்க அழகாக இருக்கும். உடனே எபாக்சி அடிக்கத் தோன்றும். எபாக்சியின் ஹார்டனர் காரத்தன்மை உள்ள அமைன். மிச்ச அமிலம் அதைத் தின்றுவிடுவதால், தகட்டை ஒட்டிய எபாக்சி சரியாக இறுகாது. மேலே கல் மாதிரி இருக்கும், நகத்தால் நெம்பினால் தகடாகப் பெயரும். காய்ந்த அமிலம் வெறும் தண்ணீருக்கு லேசில் போகாது. அதே அமிலத்தை மறுபடி தடவி ஈரமாக்கி, காய்வதற்குள் நிறையத் தண்ணீர் விட்டு ஸ்காட்ச் பிரைட்டால் தேய்த்துக் கழுவ வேண்டும். கடைசியாகக் கழுவிய ஈரத்தில் லிட்மஸ் தாளை ஒட்டிப் பாருங்கள். நீலத்தாள் சிவந்தால் இன்னும் கழுவ வேண்டும். காற்றடித்துக் காயவைத்ததும் மெல்லிய மஞ்சள் துரு படரும், பயப்பட வேண்டாம். 80 நம்பர் உப்புத்தாளில் ஒரு சுற்று தேய்த்து, தூசி துடைத்து, அன்றைக்கே எபாக்சியை அடித்துவிடுங்கள். என்னைக் கேட்டால், மணல் வீசித் துரு எடுக்கும் பிளாஸ்டிங் செய்யவோ கிரைண்டர் போடவோ இடமிருக்கும் பேனலில் கன்வெர்ட்டரே வேண்டாம்.

பிஓஆர்-15 போன்ற, காற்றின் ஈரத்தைப் பிடித்து இறுகும் யூரித்தேன் பூச்சுகளில் நேரம்தான் எல்லாம். இறுகும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். தடியாகப் பூசினால் அது உள்ளே சிக்கி நுரைக்கும். அதனால் மெல்லிசாக இரண்டு கோட். வெயில் பட்டால் நிறம் மங்கும் என்பதால் மேலே பெயிண்ட் கட்டாயம். கையுறை போட்ட விரலால் தொட்டு இழுங்கள்: விரலில் ஒட்டக் கூடாது, ஆனால் லேசாகப் பிடித்து இழுக்க வேண்டும். ப்ரைமர் ஏற்ற அதுதான் சமயம். டேட்டா ஷீட்டில் உள்ள மணிக்கணக்கை அப்படியே நம்பாதீர்கள்; சென்னை, தூத்துக்குடி ஈரக்காற்றில் அது சுருங்கிவிடும். சமயம் தப்பினால் பளபளப்பு முழுக்கச் சாகும்வரை 320-ல் தேய்க்க வேண்டும், அல்லது இரண்டு பூச்சையும் பிணைக்க அந்தக் கம்பெனியே விற்கும் டை கோட் ப்ரைமர் வேண்டும்.

கடையில் வாங்கும் புது மட்கார்டு, பானட் கறுப்பாக வரும். தின்னரில் கரையாவிட்டால் அது நல்ல இ-கோட். சுரண்டி எறியாதீர்கள், தடிமன் 20 மைக்ரான் அளவுதான், அதைவிட நல்ல பூச்சை ஷெட்டில் போட முடியாது. ஸ்காட்ச் பிரைட்டால் மங்கலாக்கி அதன் மேலேயே எபாக்சி. கரைந்தால், கடைக்கு வந்து சேரும்வரை துருப்பிடிக்காமல் இருக்க அடித்த வெறும் கறுப்பு, மொத்தமாகக் கழற்றுங்கள்.

எபாக்சி இரண்டு கோட், நடுவே இருபது முப்பது நிமிடம். பட்டி அதன் மேல்தான், வெறும் தகட்டில் அல்ல. பட்டி தண்ணீரை உறிஞ்சும். இரவு முழுக்க விட்டு, 180-ல் தேய்த்துப் பட்டி போடலாம். பிறகு 2கே ஃபில்லர், 600-ல் வாட்டர் பேப்பர், அப்புறம் கலர். மாஸ்க்கில் கரி கேட்ரிட்ஜ் இருக்க வேண்டும். 2கே பெயிண்டின் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் என்னும் நச்சைத் துணி மாஸ்க் தடுக்காது.

கதவு, அதற்குக் கீழுள்ள சில் ஆகியவற்றின் உள்ளே அடிக்கும் துருத் தடுப்பு மெழுகு எப்போதும் கடைசியில்தான், கலர் நன்றாக இறுகிய பிறகு. முன்னாடியே அடித்தால் அதன் ஆவி படிந்த இடமெல்லாம் பெயிண்ட் ஒட்டாமல் வட்டம் வட்டமாக விலகும். அடித்து முடித்ததும் கதவுக்குக் கீழே உள்ள வடிகால் ஓட்டைகளை ஒரு கம்பியால் குத்திவிடுங்கள்.